வெள்ளையெல்லாம் ஒரே கொக்கு அல்ல: வன்னியில் கொக்கினங்களைப் பிரித்தறியும் முறை

சிறுபோகத்துக்காக (ஆண்டின் இரண்டாம் நெற்போகம்) இரணைமடுக்குளத்தின் துருசு, அதாவது மதகு, திறக்கப்பட்டு, வாய்க்கால் வழியே தண்ணீர் வயல்களுக்குப் பரவி, உழவு இயந்திரங்கள் சேறடிக்கத் தொடங்கும் சித்திரை மாதத்தில், இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சிப் பக்கத்து வயல்வெளிகளில் பெருங்கூட்டமாக வெள்ளைப் பறவைகள் இறங்கும். அவை என்ன பறவைகள் என்று வரம்பில் நிற்பவரைக் கேட்டால் "கொக்கு" என்பார். அது தவறும் அல்ல. ஆனால் அந்தக் கூட்டத்தைச் சற்றுப் பொறுமையோடு பார்த்தால், அதற்குள் இரண்டு மூன்று இனங்களாவது கலந்து நிற்பது தெரியவரும். கொக்காவில், கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் என்று ஊர்ப்பெயர்களே கொக்கில் தொடங்கும் ஒரு நிலப்பகுதியில் (அந்தப் பெயர்களின் மூலத்தை இடப்பெயர் ஆய்வாளர்களிடமே விட்டுவிடுகிறேன்) அந்தப் பறவைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லத் தெரியாதிருந்தது எனக்கு நெடுநாள் கூச்சமாகவே இருந்தது. கீழே எழுதியிருப்பவற்றில் பாதி, பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கற்றவை.

வன்னியில் வெண்ணிறமாகக் காணப்படும் கொக்கினங்கள் ஐந்து. உண்ணிக்கொக்கு, சின்னக்கொக்கு, இடைக்கொக்கு, பெருங்கொக்கு ஆகிய நான்கையும் உள்நாட்டில் வயல்களிலும் குளங்களிலும் காணலாம். ஐந்தாவதான கரைக்கொக்கு கடலோரத்தை விட்டு உள்ளே வருவது அரிது. இவற்றோடு, நிற்கும்போது மண்ணிறமாகவும் பறக்கும்போது வெள்ளையாகவும் தோன்றிக் கண்ணை ஏமாற்றும் குருட்டுக்கொக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். உண்ணிக்கொக்கை மாட்டுக்கொக்கு என்பாரும், குருட்டுக்கொக்கை மடையான் என்பாரும் உண்டு. எந்தப் பெயரை வைத்துக்கொண்டாலும், ஒரு பெயரை ஓர் இனத்துக்கு மட்டும் என்று உறுதியாக வைத்துக்கொள்வதே முக்கியம்.

புறப்படுவதற்கு முன்

வெள்ளைப் பறவையைப் பார்க்க உச்சி வெயில் உகந்த நேரம் அல்ல. வன்னி வெயிலில் பதினொரு மணிக்கு மேல் கொக்கின் உடல் கண்ணைக் கூசவைக்கும் ஒரு வெள்ளைத் திட்டாகிவிடும். அலகின் நிறமும் கண்முன் தோலின் (கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள இறகில்லாத தோல்) நிறமும் அதில் கரைந்து போய்விடும். சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரத்திலும், மாலை நான்கரை மணிக்குப் பிறகும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பார்க்க வேண்டும். குளத்தைப் பார்க்கப் போகிறவர் காலையில் கிழக்குக் குளக்கட்டிலும் மாலையில் மேற்குக் குளக்கட்டிலும் நிற்கும்படி திட்டமிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரணத் தொலைநோக்கி போதுமானது. வயலோரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் அருகிலேயே அசையாமல் நிற்பவரைக் கொக்குகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதே மனிதர் வரம்பில் நடந்து நெருங்கினால் கூட்டமே எழும்பிவிடும். கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கும் யோசனையோடு குனிந்து பதுங்கிப் போவதைவிட, இருந்த இடத்தில் இருந்துகொண்டு அதை நம் பக்கம் வரவிடுவது நல்லது.

வன்னியில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மிதிவெடி அபாய அறிவிப்புப் பலகைகள் இன்னும் நிற்கும் இடங்கள் இங்கே இருக்கின்றன. நல்ல பார்வைக் கோணம் கிடைக்கிறது என்பதற்காகப் புழக்கமில்லாத பற்றைக்குள்ளோ களப்பின் ஒதுக்குப்புறக் கரைக்கோ இறங்கக் கூடாது. மாடுகளும் ஆட்களும் நாளும் நடக்கும் தடத்திலேயே நிற்க வேண்டும். குளத்தின் அலைகரையில் முதலை படுத்திருக்கும் இடங்களை அங்கே வலை வீசுபவர்கள் அறிவார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு இறங்குவதில் வெட்கம் இல்லை.

முதலில், அது கொக்குத்தானா?

"கொக்கென்று நினைத்தாயா கொங்கணவா" என்ற கேள்வியை ஒவ்வொரு வெள்ளைப் பறவையைக் காணும்போதும் நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். பறக்கும்போது இதற்கு விடை எளிது. கொக்கு தன் கழுத்தை மடித்து, தலையைத் தோள்களுக்கு இடையில் இழுத்து வைத்துக்கொண்டு பறக்கும். கால்கள் மட்டும் வாலுக்குப் பின்னால் நீண்டிருக்கும். கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் கழுத்தை முன்னே நீட்டியபடி பறப்பவை. நிற்கும்போது பார்த்தால், கரண்டிவாயனின் அலகு நுனியில் கரண்டிபோல விரிந்திருக்கும். அரிவாள்மூக்கனின் தலையும் கழுத்தும் இறகில்லாத கருந்தோலாக இருக்கும். நத்தைகுத்தி நாரையின் சிறகு ஓரங்கள் கருமையாக இருக்கும். கட்டுக்கரைக்குளத்தில் இவையெல்லாம் கொக்குகளோடு ஒரே நீர்ப்பரப்பில் கலந்து நிற்பதால், எண்ணத் தொடங்குமுன் இவற்றைக் கழித்துவிட வேண்டும்.

மாறுவதும் மாறாததும்

கொக்கினங்களைக் கற்கத் தொடங்குபவர் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது அலகின் நிறத்தை: மஞ்சள் அலகென்றால் ஒரு கொக்கு, கருப்பு அலகென்றால் வேறு கொக்கு என்று. நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாரி முடிந்து குளம் நிரம்பியிருந்த ஒரு தை மாதக் காலையில், வவுனிக்குளத்துக் கட்டில் நின்று, கருப்பு அலகும் கருப்புக் கால்களும் கொண்ட பதினேழு பறவைகளைச் "சின்னக்கொக்கு" என்று குறித்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே அளவான பறவைகளை, இம்முறை சற்றுக் கிட்ட நின்று பார்த்தபோது ஒன்றின் காலிலும் மஞ்சள் பாதம் இல்லை. அவை இனப்பெருக்கக் கோலம் பூண்ட இடைக்கொக்குகள். மற்றக் காலங்களில் மஞ்சளாக இருக்கும் அவற்றின் அலகு அந்தப் பருவத்தில் கருத்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பெருங்கொக்கின் அலகும் அவ்வாறே மஞ்சளிலிருந்து கருப்புக்கு மாறும். உண்ணிக்கொக்கின் அலகு எப்போதும் மஞ்சள் என்று நம்பியிருப்பவருக்கும் ஒரு பொறி உண்டு: கூட்டை விட்டு இறங்கிய இளம் உண்ணிக்கொக்கின் அலகு சில காலம் கருமையாக இருக்கும். ஆகவே அலகின் நிறம் பறவை இப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வதே தவிர, அது எந்த இனம் என்பதைத் தனித்து நின்று சொல்லாது.

பெரும்பாலும் மாறாதவை நான்கு: பாதத்தின் நிறம், கழுத்தின் வடிவம், வாய்க்கீற்று முடியும் இடம், உடல் அளவு. இவற்றில் உடல் அளவு, பக்கத்தில் ஒப்பிட இன்னொரு பறவை இருந்தால் மட்டுமே பயன்படும். திறந்த தண்ணீரில் தனித்து நிற்கும் கொக்கின் அளவை நம்பி எழுதியவற்றை நான் பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறேன். வாய்க்கீற்று என்பது அலகின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் கோடு, கன்னத்தை நோக்கிப் பின்னே ஓடும் பகுதி. இதைப் பற்றிப் பெருங்கொக்கைச் சொல்லும்போது விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்ணிக்கொக்கு

பட்டி மாடுகள் மேயும் தரவையில் தொடங்குவது நல்லது, ஏனெனில் இந்த ஒன்றைத் தவறவிடுவது கடினம். ஐந்து வெள்ளைக் கொக்கினங்களில் இதுவே சிறியது. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர். கழுத்து குட்டை, அலகு தடித்த குட்டை, தலை உருண்டை. அலகுக்குக் கீழே தாடைப் பகுதியில் இறகுகள் சற்று முன்னே துருத்தி நிற்பதால், தாடி வளர்த்த கிழவரைப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற ஒரு தோற்றம் வரும். அலகு கருத்திருக்கும் இளம் பறவையிலும் இந்தத் தாடை மாறாது. ஆகவே கருப்பு அலகுப் பறவை மாட்டின் காலடியில் நின்றால் தாடையைப் பார்க்க வேண்டும்.

மாசி பங்குனியில் தொடங்கி இதன் தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்று இடங்களும் நல்ல மஞ்சட்காவி நிறம் ஏறும். நம் பகுதியில் காணும் கிழக்கத்திய உண்ணிக்கொக்கில் இந்த நிறம் கன்னத்தையும் தொண்டையையும் சேர்த்துப் பிடிக்கும். தலை முழுவதையும் காவிச் சாயத்தில் முக்கி எடுத்தது போல இருக்கும். அந்தச் சாயம் கண்டால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, வேறெந்த வெள்ளைக் கொக்குக்கும் அது வருவதில்லை. சாயம் போனபின் முழு வெள்ளையாகிவிடும். சில பறவைகளில் உச்சந்தலையில் மட்டும் ஒரு மங்கலான கறை மிஞ்சி நிற்கும்.

நடத்தை இன்னும் தெளிவான அடையாளம். இது தண்ணீரில் மீனுக்காகக் காத்து நிற்கும் பறவை அல்ல, நிலத்தில் வேட்டையாடுவது. மாடு ஓரடி எடுத்து வைக்க, புல்லிலிருந்து வெட்டுக்கிளி எழும்ப, அதைக் கொத்த ஓடும். பெயர் உண்ணிக்கொக்காக இருந்தாலும், மாட்டின் மேலிருக்கும் உண்ணியைக் கொத்துவதைவிட மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சியையும் தவளையையும் பிடிப்பதிலேயே அதன் நேரம் பெரும்பாலும் போகிறது. உழவு இயந்திரத்தை அது நன்றாகக் களைப்படையாத ஒரு மாடாகவே எடுத்துக்கொண்டுவிட்டது என்று நினைக்கிறேன். கலப்பை புரட்டிப் போடும் மண்கட்டிக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு முழ இடைவெளியில் நின்று கொத்துவதைப் பார்க்க நமக்குத்தான் நெஞ்சு பதைக்கும். நடக்கும்போது புறாவைப்போலத் தலையை முன்னும் பின்னும் ஆட்டும். கொத்துவதற்கு முன் உடல் அசையாதிருக்க, கழுத்து மட்டும் பக்கவாட்டில் மெல்ல அசைவதையும் காணலாம்.

சின்னக்கொக்கு

நீளம் உண்ணிக்கொக்கைவிடச் சற்று அதிகம், ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர், ஆனால் உடல் மெலிந்தது. கருப்பு, மெல்லிய, ஊசிபோன்ற அலகு, கருப்புக் கால்கள், அந்தக் கால்களின் முடிவில் மஞ்சள் காலுறை போட்டது போன்ற பாதங்கள். இந்த மஞ்சள் பாதமே இதன் கையொப்பம். பிரச்சினை என்னவென்றால், கையொப்பம் பெரும்பாலும் தண்ணீருக்குள்ளோ சேற்றுக்குள்ளோதான் இருக்கும். சேறடித்த வயலிலிருந்து வரம்பில் ஏறி நிற்கும் சின்னக்கொக்கின் பாதம் கணுவரை சேறு அப்பி, உலர்ந்து, சாம்பல் நிறமாகத் தெரியும். அப்போது அதைப் பார்த்து "மஞ்சள் இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. அது ஓடும் வாய்க்காலில் இறங்கி ஏறும்வரை, அல்லது பறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பறக்கும்போது கருப்புக் கால்களின் நுனியில் மஞ்சள் பாதங்கள் வாலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு போவது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

பாதம் தெரியாவிட்டால் அது செய்வதைப் பார்க்கலாம். வெள்ளைக் கொக்குகளில் சும்மா இருக்கத் தெரியாதது இது. முத்தையன்கட்டு வாய்க்கால் ஒன்றின் மடையில், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற ஒன்றை அரை மணி நேரம் பார்த்திருந்தேன். ஒரு காலை மெல்ல முன்னே நீட்டும், அந்தப் பாதத்தைத் தண்ணீருக்கு அடியில் கடகடவென்று நடுங்கவைக்கும், தெளிந்த தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் கலங்கி ஒரு சிறிய பழுப்பு முகிலாக எழும், ஒளிந்திருந்த குஞ்சு மீனோ இறாலோ வெளியே பாயும், அலகு போய்வரும். பிறகு மற்றக் கால். அந்த மஞ்சள் நிறமே இரையை வெருட்ட உதவுகிறது என்றும் சொல்லப்படுகிறது. சில நேரம் சிறகை அரைவாசி விரித்துக்கொண்டு, அங்கும் இங்கும் ஓடி, திரும்பி, பாய்ந்து துரத்தும். ஓர் வெள்ளைக் கொக்கு தண்ணீரில் ஓடி விளையாடுவது போலத் தெரிந்தால், எழுபது எண்பது மீற்றர் தூரத்திலிருந்தும் சின்னக்கொக்கு என்று நான் எழுதிவிடுவேன்.

இனப்பெருக்கக் காலத்தில் பிடரியிலிருந்து ரிப்பன்போல் இரண்டு நீண்ட தூவிகள் பின்னால் தொங்கும். நமது நான்கு உள்நாட்டு வெள்ளைக் கொக்குகளில் பிடரித் தூவி இப்படி இரண்டாக நீளுவது இதற்கு மட்டுமே. முதுகிலும் மார்பிலும் மெல்லிய சல்லடைத் தூவிகள் விழும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பிகளுக்கு இத்தூவிகளைச் செருகும் மோகம் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொக்குகளை இலட்சக்கணக்கில் கொன்றது. 1889 இல் இங்கிலாந்தில் பெண்கள் சிலர் கூடித் தொடங்கிய பறவைப் பாதுகாப்புச் சங்கம் அந்த வணிகத்தை எதிர்த்தே பிறந்தது.

பெருங்கொக்கும் இடைக்கொக்கும்

இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். ஆகவே இங்கே அவசரப்படக் கூடாது. இரண்டுக்கும் கால்களும் பாதங்களும் கருமை. இரண்டுக்கும் அலகு சாதாரண நாட்களில் மஞ்சள், இனப்பெருக்க நாட்களில் கருப்பு. பெருங்கொக்கு 90 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும் உயரமான பறவை என்பதும் இடைக்கொக்கு 70 சென்ரிமீற்றரை ஒட்டியது என்பதும் ஏட்டில் எளிதாக இருக்கும். தாமரை படர்ந்த குளத்தின் நடுவே ஒற்றையாக நிற்கும்போது அந்த 20 சென்ரிமீற்றர் எங்கே போனதென்று தெரியாது.

முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். பெருங்கொக்கின் கழுத்து உடலைவிட வெளிப்படையாக நீண்டது. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று கொள்ளலாம். அதன் நடுவில் எலும்பு முறிந்து தவறாகப் பொருந்தியது போல ஒரு கூரான முடக்கு இருக்கும். கொக்குக் குடும்பத்தின் கழுத்தில் ஆறாவது முள்ளெலும்பு தனி அமைப்புக் கொண்டது; கழுத்து மடங்குவதும் சுண்டி நீளுவதும் அந்த இடத்தில்தான். பெருங்கொக்கில் அந்த முடக்கு தூரத்திலிருந்தே துருத்தித் தெரியும். இடைக்கொக்கின் கழுத்து உடலின் நீளத்துக்கு ஏறக்குறையச் சமம். வளைவு மென்மையாக, கைதேர்ந்தவர் ஒரே இழுப்பில் எழுதிய எழுத்தைப்போல ஓடும்.

கழுத்தில் ஐயம் மிஞ்சினால் வாய்க்கீற்றுக்குப் போக வேண்டும். பறவை பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போது, அலகு பிளக்கும் கோட்டைத் தொலைநோக்கியால் பின்னோக்கித் தொடர்ந்து, அது கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடுகிறதா, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கீழே நின்றுவிட்டால் இடைக்கொக்கு. கண்ணைத் தாண்டி, ஒரு மெல்லிய கருங்கோடாகக் கன்னத்துக்குள் போனால் பெருங்கொக்கு. பருவமோ வயதோ இதை மாற்றாது என்பதால், அலகு, கால், அளவு ஆகிய எல்லாம் குழப்பும் நாளில் என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு கோடுதான். இதற்குப் பறவை 50 மீற்றருக்குள் நிற்க வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். கைப்பேசியால் தொலைநோக்கி வழியே ஒரு படம் எடுத்து, வீட்டில் பெருக்கிப் பார்ப்பதும் பயன்தரும்.

தலையின் தோற்றமும் வேறு. இடைக்கொக்கின் நெற்றி உயர்ந்து, தலை உருண்டையாகவும் அலகு ஒப்பளவில் குட்டையாகவும் இருக்கும். பெருங்கொக்கின் தலை தட்டையாகி, அப்படியே நீண்ட அலகாகத் தொடர்வது போலத் தெரியும். தலையும் அலகும் சேர்ந்து ஒரு கட்டாரி.

தூவிகளை வைத்தும் பிரிக்கலாம், அவை இருக்கும் காலத்தில். பெருங்கொக்குக்கு முதுகுத் தூவி மட்டுமே. அது வாலுக்கும் அப்பால் ஒரு மெல்லிய திரையாக விழும். இடைக்கொக்குக்கு முதுகிலும் மார்பிலும் தூவி உண்டு. இரண்டுக்கும் பிடரித் தூவி இல்லை. துணை தேடும் சில நாட்களில் பெருங்கொக்கின் கண்முன் தோல் நீலப்பச்சையாக ஒளிரும், தொடைப் பகுதி செந்நிறம் காட்டும். அதைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

இரை தேடும் இடமும் முறையும் துணைச் சான்றுகள். பெருங்கொக்கு ஆழமான தண்ணீரில், வயிறு நனையும் அளவுக்கும் இறங்கி, தனித்து நின்று காத்திருக்கும். பத்து நிமிடம் ஓரடி கூட எடுத்து வைக்காமல் நிற்கும். ஒரு கொத்துக்கு விரால் குஞ்சோ திலாப்பியாவோ வெளியே வரும். கொக்குக்கு ஒன்றே மதி என்று சொன்னவர் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும், சின்னக்கொக்கை அல்ல. இடைக்கொக்கு கோரையும் புல்லும் கலந்த ஆழமில்லாத ஓரங்களையும் நீர் நிற்கும் வயலையும் விரும்பும். கழுத்தைச் சாய்த்து முன்னே நீட்டியபடி மெதுவாக, இடைவிடாமல் நடக்கும். சில வேளை உண்ணிக்கொக்குகளோடு சேர்ந்து வயலிலும் மேயும். மஞ்சள் அலகோடு அங்கே நிற்கும் "பெரிய உண்ணிக்கொக்கு" அநேகமாக இடைக்கொக்காகவே இருக்கும்.

கரைக்கொக்கு

இதைத் தேடுபவர் மன்னார்ப் பக்கம் போக வேண்டும். வங்காலை, தள்ளாடிப் பக்கத்துச் சேற்றுப் பரப்புகளும் களப்போரங்களும் நல்ல இடங்கள். இது இரண்டு நிறக் கோலங்களில் வரும். கருங்கோலம் சிலேட்டுப் பலகையின் சாம்பல் நிறம், தொண்டை மட்டும் வெள்ளை. இதை எந்த வெள்ளைக் கொக்கோடும் குழப்ப முடியாது. வெண்கோலந்தான் சின்னக்கொக்கோடு குழம்பும், ஏனெனில் அளவும் மஞ்சள் பாதமும் ஒன்றே. அலகைப் பார்க்க வேண்டும்: சின்னக்கொக்கின் அலகு கருப்பு ஊசி, கரைக்கொக்கின் அலகு தடித்து, மஞ்சள் கலந்த பழுப்பாக, நுனியை நோக்கி மிகச் சிறிதளவு கீழே வளைந்திருக்கும். கால்களும் தூய கருப்பாக இல்லாமல் பசுமை கலந்த பழுப்பாக இருக்கும். இரண்டு கோலமும் கலந்த புள்ளி விழுந்த பறவையும் உண்டு. இரணைமடுவில் வெண்கோலக் கரைக்கொக்கைக் கண்டதாக ஒருவர் சொன்னால், அலகு மங்கலான ஓர் இளம் சின்னக்கொக்கை அவர் பார்த்திருக்கக்கூடும் என்றே முதலில் எண்ணுவேன்.

குருட்டுக்கொக்குக்கு ஒரு பத்தி போதும். வாய்க்கால் ஓரத்தில் கழுத்தை உள்ளிழுத்து, பழுப்புக் கீற்றுகளோடு மண்கட்டிபோல் உட்கார்ந்திருக்கும். காலடிக்கு மிகக் கிட்ட வரும்வரை அசையாது, பிறகு திடீரென்று முழு வெள்ளைச் சிறகுகளோடு எழும்பும். பறக்கும் வெள்ளைப் பறவையின் முதுகு மட்டும் கருமையாகத் தெரிந்தால் அது இதுவே. இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும்.

குரல்

குரலை நம்பிக் கொக்கை இனங்காண முயல்வது குயிலையோ செண்பகத்தையோ குரலால் அறிவதைப்போல அல்ல. இவை இரை தேடும் இடத்தில் பெரும்பாலும் வாய் திறக்காதவை. திடுக்கிட்டு எழும்பும்போதும், அந்தி அடையும் மரத்திலும், கூட்டு மரத்திலும் மட்டுமே குரல் கேட்கும். அங்கும் எல்லாமே கரகரப்பின் வெவ்வேறு அளவுகள். ஆனாலும் சில வேறுபாடுகள் உதவும். எழும்பும் பெருங்கொக்கின் குரல் தாழ்ந்து, வறண்டு, நீண்டு, பழைய மரக் கதவைத் திறப்பது போல "க்ர்ர்ராக்" என்று வரும். சின்னக்கொக்கின் குரல் அதைவிட உயர்ந்து, மூக்கால் வருவது போன்ற சிடுசிடுப்பான "ஆர்க்". குருட்டுக்கொக்கு எழும்பும்போது குட்டையாக, கூர்மையாக "குவாக்" என்று ஒருமுறை கத்தும். வாய்க்கால் கரையில் நடக்கும்போது நாம் அதிகம் கேட்பது இதுதான். இடைக்கொக்கு இவற்றில் மிகவும் அமைதியானது.

கூட்டு மரத்தின் கீழ் நிலைமை வேறு. மாரி மழையில் குளங்கள் நிரம்பியபின், தண்ணீருக்குள் அல்லது தண்ணீரோரம் நிற்கும் மரங்களில் பல இனக் கொக்குகளும் நீர்க்காகங்களும் ஒன்றாகக் கூடு கட்டும். அங்கே உண்ணிக்கொக்கின் "ரிக்-ராக்" என்ற ஈரசைக் கரகரப்பு அடித்தளமாக ஓடிக்கொண்டிருக்க, அதற்கு மேலே வாயில் தண்ணீரை வைத்துக் கொப்பளிப்பது போன்ற "குளகுள குளகுள" என்ற சத்தம் எழுந்தால் அது கூட்டில் நிற்கும் சின்னக்கொக்கு. குஞ்சுகளின் ஓயாத "கெக் கெக் கெக்" எல்லா இனங்களுக்கும் பொது. இந்த மரங்களுக்குக் கிட்டப் போகக் கூடாது. பெற்றோர் எழும்பிவிட்டால் காகங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முட்டைகளையும் சிறு குஞ்சுகளையும் முடித்துவிடும். வெயில் நேரமென்றால் நிழலில்லாத குஞ்சு சூட்டிலும் சாகும். கட்டிலேயே நின்று காது கொடுத்தால் போதும்.

குறிப்பேடு

வயலில் நின்று பெயரை எழுதாமல், கண்டதை எழுதுவதே நான் பின்பற்றும் முறை. தேதி, நேரம், இடம், தண்ணீரின் ஆழம், பாதத்தின் நிறம் தெரிந்ததா சேறா, வாய்க்கீற்று கண்ணைத் தாண்டியதா, கழுத்தில் முடக்கு இருந்ததா, நின்றதா நடந்ததா ஓடியதா: இவ்வளவும் எழுதியபின் கடைசியாகத்தான் பெயருக்கு ஒரு கட்டம். பெயரை முதலில் எழுதிவிட்டால், பிறகு கண் அந்தப் பெயருக்குச் சாட்சி தேடத் தொடங்கிவிடும். வவுனிக்குளத்தில் எனக்கு நடந்தது அதுதான். மாலையில் அடையப் போகும் கூட்டத்தை எண்ணும்போது இவ்வளவும் பார்க்க முடியாது. அப்போது சிறகடிக்கும் வேகத்தைப் பார்க்கலாம்: உண்ணிக்கொக்குகள் வேகமாக, ஒழுங்கற்ற வரிசையாகத் தாழப் போகும், கால்கள் வாலுக்கு வெளியே சிறிதளவே தெரியும், பெருங்கொக்கு தனியாகவோ இரண்டாகவோ, ஆறுதலான நிறை சிறகடிப்போடு, கால்கள் வெகுதூரம் பின்னே நீள, கழுத்தின் மடிப்பு மார்புக்குக் கீழே பை போலத் தொங்கப் போகும். இடைப்பட்டவை இடைப்பட்டவையாகவே போய்விடும்.

அவற்றுக்கு நான் "வெள்ளைக் கொக்கு, இனம் தெரியாது" என்று எழுதி எண்ணிக்கையை மட்டும் போடுகிறேன். அந்தத் தை மாதத்துப் பதினேழும், "சின்னக்கொக்கு" என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுக்கப்பட்டு, இப்போது அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்குப் பின் நான் கிட்ட நின்று பார்த்தவையும் அவையும் ஒரே பறவைகள்தானா என்பதற்கு என் குறிப்பேட்டில் சான்று எதுவும் இல்லை.